கல்லூரிக் கணக்கின் சாவி யார் கையில்?

2015 மே 22 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்ட மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அந்நிறுவனத்தின் மாணவர் நலத் தலைவர். வட்டத்துக்கு அளிக்கப்பட்ட சலுகைகள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் அதன் அங்கீகாரம் விலக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். ஒரு வாரத்துக்கு முன்புதான் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், தனக்கு வந்த பெயரில்லாப் புகாரை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தது. தங்களிடம் முன்கூட்டியே விளக்கம் கேட்கப்படவில்லை என்று மாணவர்கள் கூறினர். நிறுவனமோ, அதன் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைச் சுட்டிக்காட்டியது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

அந்த நிகழ்வு பொதுவாகக் கருத்துரிமைப் போராட்டமாகவே நினைவுகூரப்படுகிறது. அது சரியே. ஆனால் அதற்குள் இன்னொரு பாடமும் உண்டு. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. புகார் கொடுத்தவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. தண்டனை பெற்றவர்கள் மீது சாட்டப்பட்டதோ பெயரையும் சலுகையையும் தவறாகப் பயன்படுத்திய குற்றம். அதாவது கருத்தை நேரடியாகக் குற்றமாக்காமல், அக்கருத்து வெளியான முகவரியைக் குற்றமாக்கிவிட முடிகிறது.

2024இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதே வழி மீண்டும் கையாளப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த தலித் முனைவர் பட்ட மாணவர் ராமதாஸ் ஏப்ரல் மாதம் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் முக்கியமானது, அந்த ஆண்டு ஜனவரியில் தில்லியில் நடந்த நாடாளுமன்றப் பேரணிக்கான துண்டறிக்கையில் மாணவர் அமைப்பின் பெயருடன் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமும் இடம்பெற்றது என்பதாகும். மாணவர் அமைப்பின் கருத்து நிறுவனத்தின் கருத்தாகத் தோன்றும் என்றது நிர்வாகம். பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. மே மாதம் உச்சநீதிமன்றம், அதுவரை கழிந்த காலத்தோடு இடைநீக்கத்தை முடித்துக்கொண்டு படிப்பைத் தொடர அனுமதித்தது. ஓராண்டுக்கு மேல் ஓர் ஆய்வாளரின் வாழ்விலிருந்து போய்விட்டது. ஒரு கோட்டையும் அதற்குப் பின்னால் வந்த நான்கு எழுத்துகளையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவை எல்லாம் சென்னையிலும் மும்பையிலும் நடப்பவை. காரைக்குடிக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். 1947இல் அழகப்பர் கலைக் கல்லூரியைத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வூர் கல்வி நகரமாக வளர்ந்தது. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டு மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இன்று கல்லல், தேவகோட்டை, சிங்கம்புணரி, இளையான்குடி, மானாமதுரைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பேருந்தேறி வருகிற முதல் தலைமுறை மாணவர்களும் இவ்வூர் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் பலருக்குக் கல்லூரி தருகிற மின்னஞ்சல் முகவரிதான் தங்கள் பெயரில் ஒரு நிறுவனம் எழுதித் தரும் முதல் முகவரி. அதை எப்படிக் கையாள்வது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே" என்று அறிமுக நாளில் ஒரு வரி சொல்லப்படும். அத்தோடு சரி.

அந்த ஒரு வரியையும் நம் பிள்ளைகளால் பின்பற்ற முடிவதில்லை. அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. வீட்டில் கணினி இல்லை. விண்ணப்பங்களைப் பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ நிரப்ப வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் முகவரி இல்லாத மாணவருக்குக் கடைக்காரரே ஒன்றை உருவாக்கித் தருகிறார். கடவுச்சொல்லும் அவரே வைப்பது. சில நேரம் மீட்பு எண்ணாகக் கடையின் எண்ணே பதியப்படுகிறது. கூட்டமான நாளில் இருபது பேருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால்தான் அவருக்கு வேலை ஓடும். அவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்தான் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே உதவி. ஆனால் அதன் பிறகு அந்த மாணவரின் பெயரில் இயங்கும் கணக்கின் சாவி மாணவரிடம் இல்லை.

இதன் விளைவு எங்கே வந்து விடிகிறது என்று பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மாற்றியமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.59,048 கோடி, மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு. மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லும் என்ற ஏற்பாடு வந்தது. கல்லூரி அலுவலகத்தின் தயவில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றந்தான். ஆனால் அலுவலக எழுத்தர் நின்ற இடத்தில் இப்போது ஆதார் இணைப்பும், ஓ.டி.பி.யும், உள்நுழைவுப் பக்கமும் நிற்கின்றன. தமிழ்நாட்டில் யூமிஸ் எண் இல்லாமல் புதுமைப்பெண்ணும் இல்லை, தமிழ்ப்புதல்வனும் இல்லை. விண்ணப்பத்தில் பிழை இருப்பதாக வரும் மின்னஞ்சலைத் திறக்க முடியாத மாணவருக்கு, காலக்கெடு முடிந்த பிறகே பிழை இருந்தது தெரியவரும். கட்டணம் கட்டாததால் தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்படும்போது, அதற்கான காரணம் ஒரு மறந்துபோன கடவுச்சொல்லில் இருக்கக்கூடும்.

திருடர்களும் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது" என்று கல்வித்துறை அலுவலர்போலப் பேசிக் கியூஆர் குறியீட்டை அனுப்பிப் பணம் பறித்த கும்பலைக் கோவைக் காவல்துறை 2024 தொடக்கத்தில் கைது செய்தது. பணம் பெறுவதற்கு யாரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யத் தேவையில்லை, ரகசிய எண்ணை அழுத்தவும் தேவையில்லை. செலுத்துவதற்கே அது வேண்டும். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு மாணவரும் தம் தாய் தந்தையிடம் சொல்லிவிட்டால் பாதி ஏமாற்று நின்றுபோகும். அப்படியும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இனி, நண்பர்களுக்குள் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம். ஆய்வகத்தில் ஒருவர் உள்நுழைந்திருக்க, மற்ற மூவர் அதே கணக்கில் வேலை பார்ப்பது எங்கும் காணக்கூடியது. விடுதி வாழ்க்கையில் சோப்பையும் சட்டையையும் பகிர்வதுபோல இதுவும் பாசத்தின் அடையாளமாகிவிட்டது. சட்டம் இந்தப் பாசத்தை அறியாது. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டுச் சிறைவரை தண்டிக்கத்தக்கது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்கீழ் அவ்வாறே. ஆனால் வழக்கு அந்த அளவுக்குப் போகும் முன்பே, உங்கள் கணக்கிலிருந்து ஒரு பெண் விரிவுரையாளருக்கு ஆபாசச் செய்தி போயிருந்தால், முதலில் அழைக்கப்படுபவர் நீங்கள். "நான் அனுப்பவில்லை" என்று மெய்ப்பிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் ஒரு மாணவருக்கு அந்தச் சுமை எத்தனை மடங்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயரை மறைத்து எழுதினால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் வயதாகிவிட்டது. ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுவில் இழிவாக எழுதியவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரிலேயே தண்டனை வழங்கியது. அவர் பயன்படுத்திய பிரவுசிங் சென்டரின் சாட்சியமும் அதில் உதவியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நாட்டின் தொடக்கக்கால தண்டனைகளில் ஒன்று அது. புகாரிலிருந்து தீர்ப்புவரை ஓராண்டுகூட ஆகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே அப்படியென்றால், கல்லூரியின் வைஃபையில் யார் எந்த நேரத்தில் நுழைந்தார் என்ற பதிவு தேங்கிக்கிடக்கும் இக்காலத்தைப் பற்றி என்ன சொல்வது?

கல்லூரிக் கணக்கு உங்களுடையது அல்ல என்பதுதான் அடிப்படை. உங்கள் பெயர் அதில் இருக்கிறது, உரிமை நிறுவனத்துக்கு. நிர்வாகி நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம், கணக்கை முடக்கலாம். பட்டம் முடிந்ததும் கணக்கு மூடப்படலாம். கூகுள் 2022இல் கல்வி நிறுவனங்களுக்கான வரம்பற்ற சேமிப்பிடத்தை நிறுத்திய பிறகு பழைய கணக்குகளைத் துடைக்கும் வேகம் கூடியிருக்கிறது. ஆகவே ஆய்வேட்டையும் சான்றிதழ் நகல்களையும் கல்லூரியின் டிரைவில் மட்டும் வைத்திருப்பது பிறர் வீட்டுத் திண்ணையில் நெல்லைக் காயப்போடுவதற்கு ஒப்பாகும். அந்த முகவரியிலிருந்து போகும் கடிதம் கல்லூரியின் பெயரெழுதிய தாளில் எழுதிய கடிதம்போலவே பார்க்கப்படும். வாசகர் வட்டத்தின் துண்டறிக்கை, கண்டனக் கூட்ட அழைப்பு, தேர்தல் பரப்புரை ஆகியவற்றைச் சொந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். இதைக் கோழைத்தனம் என்று கருதும் தோழர்கள் உண்டு. சென்னையிலும் மும்பையிலும் நடந்ததைப் பார்த்த பிறகும், பேச வேண்டியதைப் பேசுவதற்குப் பதில் முகவரியைப் பற்றி வாதாடிக்கொண்டு ஓராண்டை ஏன் இழக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

மறுபுறம், கல்லூரி முகவரியிலிருந்தே எழுதியாக வேண்டிய ஒன்று இருக்கிறது: புகார். உதவித்தொகைத் தாமதம், விடுதியில் பாகுபாடு, செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் அநீதி என எதுவானாலும், துறைத் தலைவரின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அன்று மாலையே, "இன்று காலை தங்களைச் சந்தித்துக் கூறியது" என்று தொடங்கி ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்; நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்புங்கள். எழுத்துத் தடத்தின் வலிமையை ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் கண்டோம். 2015 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா எழுதிய கடிதமும், அதைத் தொடர்ந்து செப்டம்பர் முதல் நவம்பர்வரை அமைச்சகம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய நினைவூட்டல்களும் பின்னர் வெளிவந்தன. ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்த பிறகு, அந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதை நாட்டுக்குக் காட்டியவை அந்தத் தாள்களே. அதிகாரம் வைத்திருப்போர் தமக்குள் எழுதிக்கொண்ட தாள்களுக்கு அவ்வளவு ஆற்றல் இருந்ததென்றால், நம் மாணவர்கள் உரிய காலத்தில் எழுதி வைக்கும் தாள்களுக்கும் உண்டு.

சாதி இழிவு வாட்ஸ்அப் குழுவிலோ இணைய வகுப்பிலோ நிகழும்போது இது இன்னும் முக்கியமாகிறது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஓர் இணைப் பேராசிரியர் இணைய வகுப்பிலேயே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை வசைபாடினார். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டதற்குக் காரணம், அந்தக் காணொளி வெளியே வந்ததுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் "பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்" நிகழ்ந்த இழிவையே குற்றமாகக் கொள்கின்றன. இணையத்தில் வெளியிடப்பட்டது பொதுப் பார்வைக்கு உட்பட்டதே, பாதிக்கப்பட்டவர் நேரில் இருந்திருக்க வேண்டியதில்லை என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் ஒரு யூடியூபர் வழக்கில் கூறியது. மூடிய குழுக்களுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் வாதிட வேண்டிய ஒன்று. வாதிடுவதற்கு முதலில் சான்று இருக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் பெரிதும் தோற்கிறார்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடுகிறார்கள்; செய்தியை அழித்துவிடுகிறார்கள்; அல்லது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் ஹேஷ் மதிப்பும் கேட்கிறது. முன்னிருந்த 65பி பிரிவின்கீழ் 2020இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. ஆகையால் செய்தி வந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னஞ்சலாக இருந்தால் அச்செடுப்பது மட்டும் போதாது. அனுப்பிய நேரமும் வழியும் பதிந்துள்ள தலைப்பு விவரங்களோடு மூலக் கோப்பைத் தரவிறக்கி வையுங்கள். எதிர்வசை மட்டும் வேண்டாம். நீங்கள் பதிலுக்குத் திட்டிய ஒரு வரி, எதிர்த்தரப்பின் மனுவில் முதல் வரியாக வரும்.

சிவகங்கை மாவட்டத்தில் இது வெறும் கணினி அறிவுரை அல்ல. கச்சநத்தத்தில் 2018 மே மாதம் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காக ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது. இத்தகைய மண்ணில், கல்லூரிக் குழுவில் வரும் மிரட்டல் அந்த மாணவர் மாலையில் இறங்கும் பேருந்து நிறுத்தம்வரை வரக்கூடும். நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகள் கைக்கயிற்றைப் பற்றிய சண்டையிலேயே பொதுவெளியில் கரைந்துபோயின. கயிறு இன்று மணிக்கட்டில் மட்டும் இல்லை, முகப்புப் படத்திலும் இருக்கிறது.

பொறுப்பு என்ற சொல் எப்போதும் மாணவரை நோக்கியே வீசப்படுகிறது. 2023 செப்டம்பர் இறுதியில் மும்பை ஐ.ஐ.டி.யின் விடுதி உணவுக் குழு, ஆறு மேசைகள் சைவம் உண்போருக்கு மட்டும் என்று மின்னஞ்சல் அனுப்பியது. மீறினால் தண்டம் என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, அத்தகைய பிரிவினைக்கு நிறுவனத்தில் கொள்கையே இல்லை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அங்குள்ள அம்பேத்கர் பெரியார் பூலே படிப்பு வட்டம் பெற்றிருந்தது. எதிர்த்து அமர்ந்து உண்ட மாணவருக்கு ரூ.10,000 தண்டம் விதிக்கப்பட்டது. அதிகாரபூர்வ முகவரியைப் பயன்படுத்தித் தீண்டாமையை நினைவூட்டும் ஒரு விதியை அறிவித்ததைத் தவறான பயன்பாடு என்று அந்நிறுவனத்தில் யாரும் அழைக்கவில்லை.

நம் ஊர்க் கல்லூரிகளிலும் இதன் எளிய வடிவம் உண்டு. உதவித்தொகை பெறுவோர் பட்டியல் சாதிப் பெயரோடு, ஆதார் எண்ணோடு, வங்கிக் கணக்கு எண்ணோடு எக்செல் கோப்பாக வகுப்புக் குழுவில் போடப்படும். முன்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மழையில் அது கிழிந்துவிடும். இப்போது கிழிவதே இல்லை. யார் எந்தச் சாதி என்று நேரடியாகக் கேட்கத் தயங்குகிறவருக்கும் கல்லூரியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது; தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. (தரவைக் காப்பதாகச் சொல்லும் அதே சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி அதிகாரிகளுக்கு மறைவிடம் கட்டித் தந்திருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.) பட்டியலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்ப ஒரு துறை எழுத்தருக்கு அரைமணி நேரம் கூடுதலாகும். அவ்வளவே செலவு.

உயர்கல்வியில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஒழுங்குமுறைகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் கேட்கின்றன. அவற்றைச் செயல்படுத்தக் கோரி ரோகித்தின் தாயும் பாயல் தட்வியின் தாயும் 2019இல் உச்சநீதிமன்றம் செல்ல நேர்ந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், அவருடைய மின்னஞ்சல் முகவரி எது என்று ஒரு முறை எழுதிக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் முகவரி கிடைத்தது. வராவிட்டால், வரவில்லை என்பதற்கான தேதியிட்ட சான்று கிடைத்தது. தகவல் உரிமை மனுவுக்கு அதுவே இணைப்பு.

சேர்க்கை முடிந்து முதலாண்டு மாணவர்கள் வந்ததும், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இயங்கும் வாசகர் வட்டங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். பேச்சாளர் வேண்டாம், மேடை வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் தம் போனோடு வரட்டும். உதவித்தொகைக்குக் கொடுத்த முகவரி எது, அதன் மீட்பு எண் யாருடையது என்று மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்து, கடைக்காரரின் எண்ணை நீக்கி மாணவரின் எண்ணைச் சேர்த்து, கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம்கட்டச் சரிபார்ப்பைப் போட்டுத் தரட்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். பொதுக் கணினியில் வெளியேறாமல் விட்டுவந்த அமர்வுகளும் அந்தப் பட்டியலில் தெரியும். அவற்றையும் அங்கேயே மூடிவிடலாம்.